நோ என்றால் இன்னும்

உங்கள் எல்லாரிடமும் சான்றிதழ் இருக்கிறது. என்னிடம் எட்டாம் வகுப்பு இருக்கிறது. அதுவும் முழு எட்டு இல்லை, கார்த்திகை மழையோடு நின்றுபோன எட்டு. இருந்தும் இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் நம் ஆட்களுக்கு வாயாக இருந்தவன் நான். அகதி விசாரணை, பிரசவ வார்டு, பள்ளிக்கூட வாத்தியாரின் மேசை, நீதிமன்றம் என்று நான் உட்காராத நாற்காலி இல்லை. “இந்த மனிதர் இருமினாலும் அதில் தமிழ்க் கருத்து இருக்கும்” என்று ஒரு நீதிபதியே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். என்னைப் போல் வேகமாக மொழிபெயர்க்க இன்றுவரை ஒருவர் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது களைத்துவிட்டேன். தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. மற்றவர்களுடைய சொற்களைச் சுமந்து சுமந்து, வீட்டில் என் மனைவி கேட்பதற்குப் பதில் சொல்லவே சோம்பலாக இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். படிப்பிக்க வேண்டியதை உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் ஒரேயொரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். ஓர் எழுத்துச் சொல். நோ.

அந்தச் சொல் எனக்கு அகப்பட்டது விசாரணை அறையில் அல்ல, உதைபந்தாட்ட மைதானத்தில். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தில் ஓல்டன் ரெயில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வந்து இரண்டு வருடத்துக்குள் இந்த ஊர் ஜெர்மன் பேச்சு எனக்கு ஓடத் தொடங்கிவிட்டது. வகுப்புக்குப் போய் அல்ல. சமையலறையில் பெரிய சமையற்காரர் ஏசுவார், ஏசின சொல்லை நான் வைத்துக்கொள்வேன், அடுத்த நாள் அதையே அவருக்குத் திருப்பிச் சொல்வேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. அதுதான் என்னுடைய அதிர்ஷ்டம் என்று இன்றும் சொல்வேன். ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு ஜெர்மன் சொல்லையும் ஆங்கிலத்தின் கதவைத் தட்டித்தான் உள்ளே எடுத்தார்கள். எனக்குக் கதவே இல்லை, வெறும் வெளி. வந்தது வந்தபடி உள்ளே போனது.

அதனால் அரசாங்கக் கடிதம் வந்தவன் எல்லாம் என்னிடம் வந்தான். பாஸலிலிருந்தும் வந்தார்கள், பேர்னிலிருந்தும் வந்தார்கள். கழுவிய கோப்பையைத் துடைத்துக்கொண்டே கடிதம் வாசித்துச் சொல்வேன். பெரிய படிப்புப் படித்தவர்கள், ஊரில் என்னை வாசலுக்குள் எடுக்காதவர்கள், ஈரத் தரையில் நின்று நான் சொல்வதைக் கேட்டார்கள். அதை நான் விரும்பவில்லை என்று சொன்னால் அது பொய்.

நம்முடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வதிவிட அனுமதி கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது, ஆனால் வந்து ஆறு மாதத்துக்குள் படித்த கல்லூரியின் பெயரில் ஒரு பழைய மாணவர் சங்கமும் ஒரு உதைபந்தாட்ட அணியும் பிறந்துவிடும். பெயர்களை விட்டுவிடுவோம். வயற்கரைக் கல்லூரி, கடற்கரைக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டிலும் படித்தவன் இல்லை. ஆனால் மைதானம் எடுக்கவும் சுவிஸ் நடுவரோடு கதைக்கவும் ஆள் வேண்டும் என்று வயற்கரைக்காரர் என்னைத் தங்கள் செயற்குழுவில் போட்டார்கள்.

அவர்களுடைய பயிற்றுநரை எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். ஊரில் வயற்கரைக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் உடற்பயிற்சியும் ஆங்கிலமும் படிப்பித்தவர், கல்லூரி அணியைப் பழக்கியவர். இங்கே லாங்கன்தாலில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் தட்டுகளைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சப்பாத்தோடு ரெயிலில் வந்து இறங்குவார். அவரைக் கண்டால் முப்பது வயதுக்காரன் கூட சிகரெட்டைக் காலுக்குக் கீழே போட்டு மிதிப்பான்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். “மைதானத்துக்கு வந்தவன் பந்தைத் தொடாமல் வீட்டை போகக் கூடாது.” வெல்லுகிற ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், மாற்று ஆளாக வாங்கில் பலகையில் குந்தியிருந்தவனை உள்ளே விடுவார். ஊரிலும் அப்படித்தான் செய்தவராம்.

அந்தக் கோடையின் முதல் ஆட்டத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. இரு அணிக்கும் ஒரே நிறச் சட்டை. நடுவருக்குச் சொல்ல நான் ஓடினேன். மாஸ்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“நீர் விடும், தம்பி. அந்தாள் படிச்ச மனுசன், இங்கிலீஸ் தெரியும். நான் கதைக்கிறன்.”

அவ்வளவுதான். அதில் வேறு கருத்து இல்லை. ஆனால் ‘படிச்ச’ என்ற சொல் எனக்குள் போய் முள்ளாக இருந்துவிட்டது. அன்றிலிருந்து மாஸ்டர் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குள் ஒரு தீர்மானம். அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டம் ஆரே ஆற்றங்கரையில் ஒரு மைதானத்தில். எதிரணி கடற்கரை. நம்மவர்கள் ஒரு கோல் முன்னுக்கு நின்றார்கள். அதைக் காத்து நின்றவர் அணித் தலைவர் குகன். அவர்தான் கோல்காப்பாளர், நல்ல காப்பாளர், வாயும் நல்ல வாய். இரண்டாம் பாதியில் ஒருவருக்குக் கால் பிசகி ஆட்டம் நின்று தொடங்கியிருந்தது. அதனால் எத்தனை நிமிடம் கூட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பந்து நம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தால் வெளியே போனது. நடுவர் எங்கள் பக்கமாக ஓடி வந்தார். மாஸ்டர் கோட்டருகே நின்று ஆங்கிலத்தில் நேரம் எவ்வளவு என்று கேட்டார்.

நடுவர் ஓடிக்கொண்டே கத்தினார். “நோ த்ரூ!”

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஊர்ப் பேச்சில் நோ என்றால் இன்னும். த்ரூ என்றால் மூன்று. இன்னும் மூன்று நிமிடம். ஆனால் இருபது வருடம் ஆங்கிலம் படிப்பித்த காதுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நோ: இல்லை. த்ரூ: முடிந்தது.

நான் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் தண்ணீர் வாளியோடு நின்றேன். எனக்கு விளங்கியது. அவருக்கு விளங்கவில்லை என்பதும் அடுத்த கணமே விளங்கியது. ஏனென்றால் அவர் வாங்கில் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“செல்வம்! கையுறையைப் போடு.”

செல்வம் இரண்டாவது கோல்காப்பாளர். ஒரு சலவைச்சாலையில் வேலை. கொஞ்சம் பருத்த ஆள். மூன்று கோடையாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையுறையோடு வந்து, பைகளைக் காவிக்கொண்டு திரும்பிப் போகிறவர்.

“நானோ, மாஸ்டர்?”

“நீதான். ஆட்டம் முடிஞ்சுது. இந்தக் கோல் கிக்கை நீ அடி, அவர் விசில் ஊதுவார்.”

செல்வம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினார். அந்த நேரம் முழுக்க எனக்கு இருந்தது. “மாஸ்டர், இன்னும் மூண்டு நிமிசம்” என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கட்டும், சொல்லுவோம் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. கெட்ட எண்ணம் என்று கூட அதைச் சொல்ல முடியாது. ஒரு சின்னக் கோபம், ஒரு சப்பாத்துக் கயிற்றளவு.

குகன் மைதானத்தை விட்டு வரும்போதே முகம் கறுத்துவிட்டது. “என்னையோ மாஸ்டர் எடுக்கிறியள்?”

“வாரும். அவனும் தொட்டிட்டுப் போகட்டும்.”

செல்வம் உதைத்த பந்து மேலே போய்க் காற்றில் நின்று, கடற்கரைக்காரன் ஒருவனுடைய காலடியில் வந்து விழுந்தது. அவன் அப்படியே கோலுக்குள் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. மாஸ்டர் நடுவரைப் பார்த்தார். நடுவர் பந்தை நடுவில் வைக்கச் சொன்னார். கடைசி நிமிடத்தில் ஒரு மூலை உதை. செல்வம் கோலை விட்டு வெளியே ஓடி, நம் ஆள் ஒருவரோடேயே மோதி விழுந்தார். இரண்டுக்கு ஒன்று. பிறகுதான் விசில்.

எல்லாரும் கோட்டருகே வந்து பைகளை எடுத்தார்கள். பிறகு குகன், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். “படிச்சது அங்கை, படிப்பிச்சது இங்கை. இரத்தம் விடுமோ?”

உண்மைதான், மாஸ்டர் பிள்ளையாகப் படித்தது கடற்கரைக் கல்லூரியில். அது எல்லாருக்கும் தெரியும், அன்றுவரை யாரும் அதைப் பற்றி நினைத்ததில்லை. அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குள் இந்த நாட்டில் தமிழன் நின்ற ஒவ்வொரு சமையலறைக்கும் கதை போய்விட்டது. ஜெனீவாவில் கோப்பை கழுவுகிற ஒருவர் எங்கள் உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்து, “மாஸ்டர் வேணுமெண்டு விட்டவராம், உண்மையோ அண்ணை?” என்றார். வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற பெரிய சமையற்காரர், யார் செத்தது என்று என்னைக் கேட்டார்.

சங்கத்தார் மாஸ்டரை நீக்கக் கூட்டம் வைத்தார்கள். நீக்குவது மட்டுமில்லை. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பழைய மாணவருக்கெல்லாம், அவர் கல்லூரியைக் காட்டிக் கொடுத்தார் என்று ஒரு கடிதம் அனுப்புவது என்றும் கதை. அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். ஊரில் வீடு எரிந்துவிட்டது. இங்கே அனுமதி இன்னும் வரவில்லை. கையில் மிச்சமிருந்தது மாஸ்டர் என்ற ஒரு சொல். அதைத்தான் எடுக்கப் போகிறார்கள்.

கூட்டம் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில், சிம்மர்ஸ்டுண்டவில். உங்களில் சிலருக்கு அது தெரிந்திருக்காது. உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை கிடைக்கிற இரண்டு மூன்று மணி நேர ஓய்வு அது. நம்முடைய கல்யாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்தக் காலத்தில் சிம்மர்ஸ்டுண்டவில்தான் நடந்தன. நாலரைக்கு எல்லாரும் ரெயில் பிடிக்க வேண்டும். பொரித்த எண்ணெய் மணத்தோடு முப்பது பேர் இருந்தார்கள். மாஸ்டர் கடைசி வரிசையில், கோட் போட்டு, முதுகு நாற்காலியில் படாமல் இருந்தார்.

குகன் எழும்பினார். “ஒரு கேள்விதான் மாஸ்டர். இறுதி ஆட்டம். முன்னுக்கு நிக்கிறம். கோல்காப்பாளரை ஏன் மாத்தினீங்கள்?”

“ரெஃப்ரி முடிஞ்சுதெண்டு சொன்னவர்.”

“முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டுப் பிறகென்ன, அந்தாள் மைதானத்திலை புல்லுப் புடுங்கினவரோ?”

சிரிப்பு. மாஸ்டர் அது அடங்கும்வரை காத்திருந்தார். “நான் கேட்டன். நோ எண்டார். த்ரூ எண்டார். என்ரை காதாலை கேட்டனான்.”

“அப்ப நாங்கள் கேட்ட விசில்?”

“அதுக்கு எனக்கு விளக்கம் இல்லை.”

செல்வம் திடீரென்று எழும்பினார். “மூண்டு வருசமா வாங்கிலிலை கிடந்தனான். ஒருத்தரும் விடேல்லை. அவர் விட்டவர். கோலை விட்டது நான். என்னைக் கேளுங்கோ.”

“உன்னை என்னத்தைக் கேக்கிறது? பந்து உன்னைக் கேட்டே உள்ளுக்குப் போனது?”

மறுபடி சிரிப்பு. செல்வம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு இருந்துவிட்டார். மணி நாலு பத்து. குகன் சட்டைப் பையிலிருந்து ஏற்கெனவே எழுதிவைத்த கடிதத்தை எடுத்தார். கையொப்பத்துக்குக் கோடு கூடப் போட்டிருந்தது.

அப்போதுதான் நான் எழும்பினேன். நான் எழும்பினால் கூட்டம் அடங்கும், அந்தக் காலத்தில் அப்படி ஒரு மதிப்பு எனக்கு. சுவரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கான கரும்பலகை இருந்தது. ஒரு வெண்கட்டியை எடுத்து நோ என்று எழுதினேன்.

“குகன், உமக்கு இங்கிலீஸ் தெரியும். இதுக்கென்ன கருத்து?”

“இல்லை எண்டு. சின்னப்பிள்ளையும் சொல்லும்.”

“சின்னப்பிள்ளை சொல்லும், இந்த ஊர்ச் சின்னப்பிள்ளை வேறை மாதிரிச் சொல்லும். நாளைக்கு உம்மடை கிச்சினிலை ஒருத்தன் ‘நோ ஒரு கிளாஸ்’ எண்டு கேட்டால் நீர் கிளாசைப் பறிப்பீரோ? அவன் இன்னும் ஒண்டு தா எண்டு கேக்கிறான். நோ எண்டால் இன்னும். த்ரூ எண்டால் மூண்டு. ரெஃப்ரி சொன்னது இன்னும் மூண்டு நிமிசம். மாஸ்டருக்குக் கேட்டது இல்லை, முடிஞ்சுது. இதிலை எங்கையப்பா துரோகம்?”

பிறகு யாரோ மெல்ல, “நோ... த்ரூ...” என்று சொல்லிப் பார்த்தார்கள். இன்னொருவர் சொன்னார். பிறகு வெடித்தது. “இங்கிலீஸ் மாஸ்டருக்கு நோ விளங்கேல்லையடா!” நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கடிதம் எழுதிய குகனே சிரித்தார். நானும் சிரித்தேன். வென்றுவிட்டேன் என்று தெரிந்தது.

சிரிப்பின் நடுவில்தான் குகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அது சரி அண்ணை, ரெஃப்ரி என்ன சொன்னவர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுடைய வாழ்க்கையிலும் இப்படி ஒரு கேள்வி வரும், பயப்படுத்துகிற குரலில் வராது, சிரித்துக்கொண்டு வரும். பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால் பழி முழுக்க என்னுடையது. நான் அந்த மூச்சில் என்ன செய்தேன் என்பதை மாஸ்டரைத் தவிர இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

“ஆட்டம் முடிஞ்சாப் பிறகு ரெஃப்ரியைக் கேட்டனான்.”

மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. இருபது வருடம் விடைத்தாள் திருத்திய ஒருவர் ஒரு விடையைப் பார்ப்பது போல. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “ஓம். அவர் கேட்டவர். நான் கண்டனான்.”

கையுயர்த்தினார்கள். மாஸ்டர் தொடர்ந்து பயிற்றுநர். கடிதம் கிழிக்கப்பட்டது. எல்லாரும் ரெயிலுக்கு ஓடினார்கள். படிக்கட்டில் ஏறும்போதே யாரோ “நோ த்ரூ மாஸ்டர்” என்று கூப்பிட்டு, மற்றவர்கள் சிரித்தது கேட்டது.

நாலு கிழமை, ஒரு மாதம் முழுக்க, நான் நிலத்தில் நடக்கவில்லை. கோப்பை கழுவுமிடத்தில், ரெயிலில், பக்கத்து ஊரான திரிம்பாக்கில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளில், ஒரு சொல்லால் ஒரு மனிதரைக் காப்பாற்றியவன் நான் என்று சொல்லித் திரிந்தேன். மாஸ்டர் பயிற்சிக்கு வரவில்லை. முதல் கிழமை தடிமன் காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் கிழமை வேலை என்றார்கள். நாலாம் கிழமை சங்கத்துக்கு ஒரு தபாலட்டை வந்தது. உடம்பு சரியில்லாதபடியால் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், அணிக்கு என் வாழ்த்துகள். அழகான கையெழுத்து. அதை என்னிடம்தான் வாசிக்கத் தந்தார்கள், தமிழில் இருந்தும். பழக்க தோஷம்.

அடுத்த திங்கள் எங்கள் உணவகம் பூட்டு. லாங்கன்தாலுக்குப் போனேன். ஒரு பேக்கரிக்கு மேல் அறை. அவரோடு இன்னும் இரண்டு பேர். அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். தேத்தண்ணீர் ஊற்றினார்.

“நான் ஒண்டு சொல்ல வேணும், மாஸ்டர்.”

“பால் விடவோ?”

“நான் ரெஃப்ரியைக் கேக்கேல்லை.”

“தெரியும். அந்தாள் விசில் ஊதின கையோடை சைக்கிளிலை ஏறிப் போட்டார். நீர் தண்ணி வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர்.”

“அவர் சொன்னது எனக்கு அப்பவே விளங்கினது.”

“அது எனக்குக் கூட்டத்திலைதான் விளங்கினது. நீர் பலகையிலை எழுதேக்கை.” கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். “ஏன் சொல்லேல்லை?”

என்னிடம் நாலைந்து மறுமொழி இருந்தது. ரெயிலில் வரும்போது கட்டியவை. அவற்றை விட்டுவிட்டு, “நீங்கள் கேக்கேல்லை” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “ஓம்,” என்றார். “நான் கேக்கேல்லைத்தான். நீர் எத்தினையாம் வகுப்பு?”

“எட்டு.”

“ம்.” அந்த ‘ம்’ மன்னிப்பா, மன்னிப்புக் கேட்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மொழிபெயர்க்க முடியாமல் போன ஒரே சொல் அது.

“பிறகேன் மாஸ்டர், கண்டனான் எண்டு எனக்காகப் பொய் சொன்னனீங்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாச் சிரிப்பும் என்னட்டை வந்திருக்குமே.”

“குகன்ரை அகதி விசாரணை எப்ப?”

“அடுத்த மாதம். நான்தான் கூடப் போறன்.”

“இந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்கு?”

“அவருக்கும் நான்தான்.”

“பாரும். விளங்கியும் சொல்லாமல் நிண்டவன் எண்டு அவங்கள் உம்மை அறிஞ்சால், ஒவ்வொருத்தனும் தன்ரை கதையிலை அரைவாசியை உமக்கு ஒளிப்பான். அரைவாசிக் கதையோடை போனவனைத் திருப்பி ஊருக்கு ஏத்திப்போடுவாங்கள். என்னைப் பாத்துச் சிரிச்சால் சிரிச்சிட்டுப் போகட்டும். சிரிப்பாலை ஒருத்தரும் சாகிறேல்லை.”

“அப்ப திரும்பி வாங்கோவன். கையுயர்த்தினவைதானே.”

“சிரிக்கிறவனை ஓட வைக்கேலாது, தம்பி. பயிற்றுநரைப் பாத்தால் ஓட வேணும்.” கோப்பையைக் கழுவ எடுத்துப் போனார். நான் எழும்பி வாங்கப் போனேன், விடவில்லை. “இப்ப போய் ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையும். நீர் சுகப்படுறதுக்காக அவங்களைக் கெடுக்காதையும். ஒண்டு செய்யும். இனிமேல் கேக்காட்டிலும் சொல்லும்.”

குகனின் விசாரணை அடுத்த மாதம் நடந்தது. அந்தக் காலத்தில் இப்போதுபோல் இறுக்கம் இல்லை. ஆள் பற்றாக்குறையால் தெரிந்தவருக்கே தெரிந்தவரை மொழிபெயர்க்க விட்டார்கள். காலையில் தொடங்கி மத்தியானம்வரை போனது. அதிகாரி எழுத்து ஜெர்மனில்தான் கேள்வி கேட்டார், எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் அவரும் களைத்துவிட்டார். பேனையை மூடி, தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, வீட்டுப் பேச்சில் கேட்டார். “நோ எப்பிஸ்?”

குகன் உடனே கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். முகத்தில் ஒரு நிம்மதி. அவர் காதில் நோ என்றால் போதும், முடிந்தது. மைதானத்தில் மாஸ்டர் வாங்கில் பக்கம் திரும்பிச் சிரித்தாரே, அதே முகம். கரும்பலகையில் பார்த்துச் சிரித்த சொல்தான். ஆனால் பயத்தோடு இருக்கிற காது படித்ததைத்தான் கேட்கும், சிரித்ததைக் கேட்காது.

அவர் என்னிடம் கேட்கவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்து இருத்தினேன்.

“இரும். இன்னும் ஏதும் சொல்லக் கிடக்கோ எண்டு கேக்கிறார். முடியேல்லை.”

குகன் என்னைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். கதிரையைத் திரும்ப மேசைக்குக் கிட்ட இழுத்தார். அதிகாரி பேனையைத் திரும்பத் திறந்தார். பிறகு குகன் காலையிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். அது என்ன என்று எழுத மாட்டேன், அது என் தொழில். என்னை நம்பாவிட்டால் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பதை மட்டும் எழுதுகிறேன். அவருக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அதற்குக் காரணம் அந்தக் கடைசிக் கால்மணி நேரம் என்று முடிவுக் கடிதத்திலேயே இருந்தது. அந்தக் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன், ஈரக் கையோடு.

மாஸ்டர் கூட்டத்தில் சொன்ன பொய்யின் பயனை அன்றைக்கு அந்த மேசையில் நான் கண்டேன். குகன் காணவில்லை. அவர் ரெயிலில் வரும்போது, “நல்லவேளை அண்ணை, நானும் நோ த்ரூ மாஸ்டர் மாதிரிப் போயிருப்பன்” என்று சிரித்தார்.

சொன்னதை மட்டும் சொல், கூட்டாதே, குறைக்காதே என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். சரியானது. ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பிழையாகக் கேட்டது என்று உங்களுக்குத் தெரிந்தால், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவன் உங்களைவிடப் படித்தவனாக இருக்கலாம். உங்களை ஒருமுறை சின்னவனாக்கியவனாகவும் இருக்கலாம். அன்று அந்த மைதானத்தில் என்னைவிட நன்றாக நோ என்ற சொல்லை விளங்கியவர் ஒருவரும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. பிறகு அவர் ஒரு அணியையும் பழக்கவில்லை. அந்தப் பகிடியை மட்டும் இன்னும் கல்யாண மண்டபங்களில் சொல்லுகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அடுத்த முறை கேட்டால், சிரித்து முடிய விடுங்கள். பிறகு, மாஸ்டருக்குப் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில், இந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்த ஒருவன் நின்றான் என்று சொல்லுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.